மூக்குக்கு எது, நாக்குக்கு எது: வாரம் ஒரே ஒரு பண்டம்

மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.4 என்று வந்தது. 6.5 ஆனால் சர்க்கரை நோய் என்று பெயர் வைத்துவிடுவார்களாம், 6.4 என்றால் இன்னும் வைக்கவில்லை, ஆனால் பெயர் தயாராக இருக்கிறது. பாளையங்கோட்டையில் நான் பார்க்கும் டாக்டர் கொஞ்சம் இரக்கமுள்ளவர். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் இந்த ஆள் எதையுமே நிறுத்தமாட்டான் என்று கண்டுபிடித்துவிட்டார் போல, "வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு பண்டம், உள்ளங்கைக்குள்ள அடங்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் மாதம் நான்கு வாரத்தையும் மூக்கு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்த் தொலைத்தேன். பேக்கரி பப்ஸ், ரோஸ் மில்க், பரோட்டா பார்சல், தியேட்டர் பாப்கார்ன். நான்குமே வாசலில் நிற்கும்போது சொர்க்கம், வாயில் வைத்து இரண்டாவது கடியில் "இதுக்கா?" என்று ஆகிவிட்டது. தினமும் சாப்பிடுகிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று போய்விடுவான். ஆறு நாள் காத்திருந்து ஏழாவது நாள் ஏமாறுகிறவனுக்குத்தான் வலி தெரியும். அதனால் இரண்டாவது மாதம் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கேட்டுக்கொண்டது இரண்டே கேள்விதான். மூக்குக்குக் கொடுத்த வாக்கை அந்தப் பண்டம் நாக்கில் காப்பாற்றுகிறதா? மணத்தை மட்டும் காசில்லாமல், சர்க்கரையில்லாமல் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா? இருந்தால் அதை எதற்காகச் சாப்பிட வேண்டும்?

கணக்குக்குப் போவதற்கு முன்னால் ஏன் இப்படி ஏமாறுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நாக்கின் குற்றம் ஒன்றுமில்லை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கறிச்சாற்றிலும் காளானிலும் வரும் அந்த உமாமி, அவ்வளவுதான். மற்ற எல்லாமே மணம்தான், வாயில் மென்றபிறகு தொண்டை வழியாக மேலே ஏறி மூக்குக்குப் பின்வாசலில் நுழைகிற மணம். சளி பிடித்தால் சாம்பாரும் ரசமும் ஒன்றாகத் தெரிவது இதனால்தான். விஷயம் என்னவென்றால் முன்வாசல் வழியாக வரும் மணத்தையும் பின்வாசல் வழியாக வரும் மணத்தையும் மூளை ஒன்றாக நடத்துவதில்லை. 1982இல் பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முகர்ந்து பழகிய ஒரு மணத்தை அதே ஆட்களுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் அடையாளம் கண்டுபிடிக்கத் திணறினார்கள். ஆக, காப்பிப்பொடி அரைக்கிற கடை வாசலில் நிற்கும் நானும் அந்தக் காப்பியைக் குடிக்கிற நானும் ஒரு வகையில் வேறு வேறு ஆட்கள். முன்னவன் ஆசைப்பட்டு வாங்குகிறான், பின்னவன் காசு கொடுத்துவிட்டு முழிக்கிறான்.

காப்பியில் இருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இதுதான் பெரிய ஏமாற்றுக்காரன். திருநெல்வேலி டவுனில் ரதவீதிப் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள், கொட்டையை வறுத்து இறக்கி அரைவையில் போடும் நேரம் இருக்கிறதே, அந்த மணத்துக்கு ஈடு கிடையாது. வறுத்த காப்பிக்கொட்டையில் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்கள் இருக்கின்றன. கொட்டை உடையும்போது அவை மொத்தமாகப் பறந்து தெருவுக்கு வந்துவிடுகின்றன, யோசித்துப் பாருங்கள், தெருவுக்கு வந்தது டம்ளருக்கு எப்படி வரும்? மீதி இருப்பதையும் வெந்நீர் கொஞ்சம் கொண்டுபோகும். காப்பியை காப்பி என்று அடையாளம் காட்டுவதில் முக்கியமான கந்தக வகைப் பொருள் ஒன்று இருக்கிறது, டிகாஷனில் உள்ள கரும்பழுப்பு நிறப் பொருட்களே அதைப் பிடித்து மடக்கிவிடுகின்றன. காலையில் இறக்கிய டிகாஷனில் சாயங்காலம் காப்பி போட்டால் நிறம் இருக்கும், கசப்பு இருக்கும், ஆள் இருக்கமாட்டான்.

கசப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஃபீன்தான் கசக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதன் பங்கு கொஞ்சம்தான், பெரும்பாலும் வறுக்கும்போது பிறக்கிற பொருட்கள்தான் கசக்கின்றன. எவ்வளவு கருக வறுக்கிறார்களோ அவ்வளவு தூரம் மணம் போகும், அவ்வளவு கசப்பும் வரும். இதில் சிக்கரி வேறு. சட்டப்படி காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் பாக்கெட்டில் போட வேண்டும். 51 என்றால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, அதைக் குடித்துவிட்டு காப்பி ஏமாற்றிவிட்டது என்று சொல்வது காப்பிக்குச் செய்கிற துரோகம். எண்பதுக்கு இருபது கேட்டு வாங்குங்கள், நூறு கிராம் மட்டும் வாங்குங்கள், அரைத்த வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள். அப்படியும் கடைவாசல் மணத்தில் கால்வாசிதான் டம்ளரில் கிடைக்கும். ஆனால் சர்க்கரை இல்லாத காப்பிக்கு டாக்டர் கணக்கு வைக்கவில்லை, அதனால் போட்டியில் இது சேர்த்தியில்லை. மணம் இலவசம், கடைக்காரர் கோபித்துக்கொள்ளும்வரை. போன வாரம் அவர் கேட்டே விட்டார், "பொடி வாங்க வந்தியளா அண்ணாச்சி, இல்ல பொழுது போக்க வந்தியளா?"

கருப்பட்டிக் காப்பி என்று நாற்கரச் சாலை நெடுக போர்டு வைத்திருக்கிறார்களே, அது தனி வழக்கு. நல்ல உடன்குடி கருப்பட்டியைத் தட்டிப் போட்டு சுக்கும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் மணமும் ருசியும் ஒத்துப்போகிற அபூர்வமான சாதி அது. ஆனால் கருப்பட்டியில் சீனி கலப்பது ஊரறிந்த விஷயம், கலப்புக் கருப்பட்டியில் முதல் வாய் இனிப்பு, இரண்டாவது வாயும் இனிப்பு, கருப்பட்டிக்கே உரிய அந்த லேசான உப்பும் புகையும் வரவே வராது. மணத்துக்கு அங்கே பெரும்பாலும் சுக்குதான் பொறுப்பு. கருப்பட்டி என்றால் சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று எங்கள் மதினி சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் சர்க்கரைதான் மதினி என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

பேக்கரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அடுப்பைத் திறக்கும்போது வருவது மாவு சிவக்கிற மணம், வெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்றின் மணம், கையில் வருவதோ காலையில் சுட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த பப்ஸ். உள்ளே வெங்காயம், அதற்கும் உள்ளே காற்று. வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடையைக் கட்டுங்கள். பாப்கார்னும் இதே கதைதான். சோளம் பொரியும்போது வரும் மணத்துக்கு முக்கியக் காரணமான பொருள் பாசுமதி அரிசிச் சோற்றிலும் சூடான ரொட்டியின் மேல்தோலிலும் இருக்கிற அதே பொருள், தண்ணீரில் கோடிக்கணக்கில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அவ்வளவு கொஞ்சம் போதும் என்பதால்தான் ஒரு தியேட்டரையே மணக்க வைக்க முடிகிறது, வாய்க்கு மிஞ்சுவது உப்புப் போட்ட பஞ்சு. பக்கத்து சீட்டுக்காரர் வாங்கினால் போதும்.

சின்ன வயதில் வெனிலா எசன்ஸைத் திருட்டுத்தனமாக நக்கிப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும்தான். கேக்கே பாட்டிலுக்குள் இருக்கிறது என்று நினைத்து மூடியில் ஊற்றி ஒரே நக்கு, நாக்கு சுருண்டுவிட்டது. அதில் இனிப்பு என்று ஒன்றுமே இல்லை, நாம்தான் கேக், ஐஸ்கிரீம் என்று அந்த மணத்தை எப்போதும் சர்க்கரையோடு சேர்த்தே சந்தித்திருக்கிறோம், அதனால் மூளை மணத்தையே இனிப்பு என்று எழுதி வைத்துக்கொண்டது. ரோஸ் மில்க் இதன் சித்தப்பா மகன். பாட்டிலைத் திறந்தால் கல்யாண மண்டபம், குடித்தால் சிவப்பான சீனிப்பால், கடைசி மடக்கில் சோப்பு. அதற்குப் பதில் நன்னாரி சர்பத்தைப் பரிந்துரைப்பேன். வேடிக்கை என்னவென்றால் நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருளும் வெனிலாவின் வெனிலினும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை, அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. ஆனால் வேரைத் தட்டி ஊறவைத்துக் காய்ச்சிய நன்னாரியில் மண்ணும் மரமும் கலந்த ஒரு அடிருசி இருக்கிறது, எலுமிச்சை பிழிந்தால் இன்னும் எழும்பும். எசன்ஸில் போட்ட சர்பத்தில் அது கிடையாது, மேலே மணம், கீழே வெறும் பாகு. வெயிலில் அலைந்து வந்தால் இனிப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் குடிக்கலாம், வாரப் பண்டத்தை இதில் செலவழிக்கும் அளவுக்கு இல்லை.

பரோட்டாவுக்கு வருவோம். இதில்தான் வீட்டில் சண்டை. மச்சான் செங்கோட்டை ஆள், குற்றாலம் சாரல் நேரத்தில் பார்டர் பக்கம் பரோட்டா சாப்பிடாதவன் மனுஷனே இல்லை என்கிற கட்சி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. தோசைக்கல் பக்கத்திலேயே உட்கார்ந்து, கல்லில் இருந்து எடுத்து அடித்து உதிர்த்துப் போட்டதை, சால்னா ஆவி பறக்கும்போதே சாப்பிட வேண்டும். சோம்பும் கிராம்பும் அன்னாசிப்பூவும் கசகசா தேங்காயோடு கொதிக்கிற மணம் தெரு முனைவரைக்கும் வந்து தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போகும், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த மணத்தில் முக்கால்வாசி நிஜமாகவே வாயிலும் இருக்கும். சால்னாவில் கறி தேடக் கூடாது, அது வேறு விஷயம்.

பார்சல் வாங்கினீர்களோ தொலைந்தது. இலையில் சுற்றிக் காகிதத்தில் கட்டியதும் பரோட்டாவின் சொந்த ஆவியே அதை நனைத்துவிடுகிறது, ஆறும்போது வெந்த மாவுச்சத்து மறுபடியும் இறுகிக் கெட்டிப்படுகிறது. தோல் செருப்பு மாதிரி இழுபடுவது மாஸ்டர் கைக்குற்றம் இல்லை, மைதாவின் குணம். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக இறுகும். முதல் மாதம் நான் செய்த தப்பு இதுதான். ஜங்ஷனில் வாங்கி, பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்து, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க ஒரு ராஜா மாதிரி வந்து, வீட்டில் பிரித்தபோது அது பரோட்டாவாகவே இல்லை. அந்த மணத்தை நான் அனுபவித்ததைவிட பஸ்ஸில் இருந்தவர்கள்தான் அதிகம் அனுபவித்தார்கள். ஒரு பரோட்டா உள்ளங்கைக்குள் அடங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன், "யாரு உள்ளங்கைக்கு?" என்றார்.

நடுவில் ஒன்று சொல்லிவிட வேண்டும், பண்டம் இல்லைதான், ஆனால் மணம் பேசும்போது இதை விட முடியாது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எழும்புகிற மண்வாசனை. அதற்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் ஆங்கிலத்தில் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள், அந்த வாசனையில் ஒரு பங்கு ஜியோஸ்மின் என்ற பொருள், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. அதே ஜியோஸ்மின் குளத்துத் தண்ணீரிலும் உண்டாகும், மீனின் உடம்பில் சேரும். மூக்குக்கு வந்தால் ஆஹா என்கிறோம், அதே சாமான் கோடையில் வற்றிய குளத்துக் கெளுத்தியில் வாய்க்கு வந்தால் சேறு நாறுகிறது என்று தட்டைத் தள்ளுகிறோம். ஆச்சி குளத்து மீனை உப்பும் புளியும் போட்டு உரசி உரசிக் கழுவுவாள், குழம்பிலும் புளி தூக்கலாகவே இருக்கும். ஜியோஸ்மின் புளிப்பில் சிதைந்துபோகும் என்பது ஆச்சிக்குத் தெரியாது, கை தானாகச் செய்தது.

குற்றாலத்துப் பலாப்பழத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐந்தருவி போகிற வழியில் மணத்தை வைத்துப் பழம் வாங்காதீர்கள். கூழன் பலாவும் வருக்கைப் பலாவும் தூரத்தில் இருந்து ஒரே மாதிரிதான் மணக்கும், பிரித்தால் வருக்கை கடித்தால் நறுக்கென்று இருக்கும், கூழன் தொண்டைக்குள் தானே இறங்கிவிடும். கூழன் பிடித்தவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. வெட்டி வைத்த சுளையை விரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள், நாலு சுளை போதும். பக்கத்திலேயே சீசனுக்கு டுரியன் வைத்திருப்பார்கள். அது இந்த ஒப்பீட்டில் நேர் எதிர்க்கட்சி, சிங்கப்பூரில் ரயிலில் ஏற்றவே விடமாட்டார்கள், அப்படி நாறும். உள்ளே இருப்பதோ முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய மாதிரி ஒரு ருசி. மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடச் சொல்வார்கள், அப்படிச் சாப்பிட்டால் பாதி ருசி போய்விடும், பின்வாசலும் சேர்ந்தல்லவா அடைபடுகிறது. நம் ஊர் கருவாடும் இந்த இனம்தான், பொரிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார், சாப்பிடும்போது கஞ்சி ஒரு சட்டி கூடுதலாகப் போகும். மணத்தில் தோற்றதால் யாரும் எதிர்பார்ப்போடு வருவதில்லை, அது ஒரு வசதி.

இப்போது அல்வா. வெளியூர்க்காரர்கள் நினைப்பது போல நெல்லையப்பர் கோயில் பக்கம் போனால் அல்வா மணம் ஆளைத் தூக்காது. சாயங்காலம் கடையைத் திறக்கக் காத்திருக்கும் கூட்டத்தில் நின்று பாருங்கள், கோயில் பூ வாசனை வரும், பக்கத்துக் கடை வடை வாசனை வரும், அல்வா வாசனை வரவே வராது. சம்பா கோதுமையை ஊறப்போட்டு அரைத்துப் பாலெடுத்து, தெளியவைத்து, சீனியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிக் கிண்டி, பறக்க வேண்டியது எல்லாம் அடுப்படியிலேயே பறந்துபோய்விடுகிறது. தட்டில் வருவது அமைதியான சாமான். முகத்துக்கு நேராகத் தூக்கினால் கொஞ்சம் நெய், அவ்வளவுதான். வாயில் போட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கும். வாய்ச் சூட்டில் நெய் உருகுகிறது, நெய்க்குள் அடைபட்டிருந்த மணம் எல்லாம் தொண்டை வழியாக மேலே ஏறுகிறது, கருகத் தொடங்கி நின்ற சீனியின் ஒரு லேசான கசப்பும் கோதுமைப் பாலின் புளிப்பும் அப்புறமாக வரும். முழுங்கிய பிறகும் ஒரு நிமிடம் இருக்கும். இலையில் சூடாக வாங்கினால் ஐம்பது கிராம், அதில் நான்கு வாய். வீட்டுக்கு வாங்கிவந்து மறுநாள் சாப்பிட்டாலும் ருசி ஓரளவு நிற்கும், நெய் மட்டும் உறைந்திருக்கும். மருமகன் சென்னையில் இருந்து வந்தபோது, "என்ன மாமா, இதுக்கு ஒரு வாசனையே இல்லையே" என்றான். வாயில் போட்ட பிறகு அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

தூத்துக்குடி மக்ரூனையும் இதோடு சேர்க்கிறேன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான் சேர்மானம். மூடியைத் திறந்தால் ஒன்றுமே வராது, வாயில் வைத்தால் கரைந்து முந்திரி மட்டும் நிற்கும். சின்னதும்கூட, உள்ளங்கையில் மூன்று வைக்கலாம். மூன்று வைத்ததை டாக்டரிடம் சொல்லவில்லை.

இவ்வளவையும் எழுதிப் பார்த்தபோது முடிவு கிட்டத்தட்ட தானாகவே வந்தது. ஊரைக் கூட்டுகிற மணமுள்ளவற்றை, அதாவது காப்பிப்பொடிக் கடை, பேக்கரி, பாப்கார்ன், சால்னா, எல்லாவற்றையும் நடந்துபோகும்போது மூக்கால் மட்டும் எடுத்துக்கொள்வது. டாக்டர் தந்த நான்கு வாரத்தில் இரண்டு அல்வாவுக்கு, ஒன்று மக்ரூனுக்கு, ஒன்று சீசனுக்கு ஏற்றபடி, அதாவது ஆடியில் வருக்கைச் சுளை, சாரல் நேரத்தில் மச்சான் கூப்பிட்டால் கல்லோரத்தில் ஒற்றை பரோட்டா.

ஆனால் ஒன்று இருக்கிறது, எந்தக் கணக்கிலும் உட்காராதது. திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டில் ஆவணியில் பனம்பழம் பழுத்து விழும். விடியற்காலையில் தொப்பென்று சத்தம் கேட்டதும் ஆச்சி, "ஏலே, விழுந்துட்டு, ஓடு" என்பாள். கறுத்த தோலோடு நெருப்பில் போட்டுச் சுட்டால் எழும்புமே ஒரு மணம், பலாவும் மாம்பழமும் கருப்பட்டியும் சேர்ந்த மாதிரி, நான் இதுவரை எழுதியதில் எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அடுத்த தெருப் பிள்ளைகள் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் தோலை உரித்து மஞ்சள் சதையைக் கடித்தால் நார், நார், நாரோ நார். சப்பிச் சப்பி ஒரு சொட்டு இனிப்பு வரும், அதன் பின்னாலேயே தொண்டையில் ஒரு கசப்பு ஏறும். ஃப்ளாபெல்லிஃபெரின் என்று அந்தக் கசப்புக்குப் பெயர், பனம்பழத்தில் இருக்கிற சபோனின் வகை, சிலபழத்தில் குறைவு, சிலபழத்தில் வாயை வைக்க முடியாது, சுட்டுப் பார்க்காமல் எது எந்தப் பழம் என்று தெரியாது. பல்லிடுக்கில் சிக்கிய நாரை எடுக்க மத்தியானம் ஆகிவிடும். மிச்சக் கொட்டையைப் புதைத்து வைத்தால் தையில் கிழங்கு.

இரண்டு கேள்வியையும் வைத்துப் பார்த்தால் பனம்பழம் முதல் சுற்றிலேயே வெளியே போக வேண்டியது. வாக்கைக் காப்பாற்றுவதில்லை, மணம் இலவசம். காலண்டரில் ஆவணி மூன்றாவது வாரத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன். வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் என்னங்க, பட்டினியா?" என்று கேட்டாள். திசையன்விளைக்கு ஒரு சோலி இருக்கு என்றேன்.